பழைய கடைக்குப் புதிதாய் ஒரு பழைய படம்

ஐம்பதாம் ஆண்டு, எழுபத்தைந்தாம் ஆண்டு, நூற்றாண்டு என்று நமது வர்த்தக நிலையங்கள் நிறைவு விழாக்களைக் கொண்டாடும் காலம் இது. கலண்டர் அடிக்கிறார்கள், பை அடிக்கிறார்கள், கடை வாசலில் பெரிய பெனர் கட்டுகிறார்கள். எல்லாவற்றிலும் முதலில் தேடப்படுவது ஒரு பழைய படம். கடையைத் தொடங்கிய பெரியவர் கடை வாசலில் நிற்கும் படம். நூற்றுக்குத் தொண்ணூறு குடும்பங்களில் அப்படியொரு படம் கிடையாது. அந்தக் காலத்து வியாபாரிக்குக் கடையைத் திறக்க நேரமிருந்தது, படம் பிடிக்க நேரமிருக்கவில்லை. விசேஷத்துக்காக ஸ்டூடியோவுக்குப் போய் எடுத்த ஓர் அரையுருவப் படம் இருக்கும், அவ்வளவுதான்.

அச்சு வேலையும் பழைய படங்களைத் திருத்தும் வேலையும் எனது தொழில். "இல்லாத படத்தை உண்டாக்கித் தர முடியுமா?" என்று கேட்டு வருவோர் இப்போது அதிகம். முடியும். இன்றைய கணினி வசதிகளோடு பாட்டனாரை 1936ஆம் ஆண்டின் புறக்கோட்டைத் தெருவில் நிறுத்திவிடலாம். ஆனால் பார்ப்பவர் நம்பும்படி நிறுத்துவது வேறு வேலை. நம்பும்படி நிறுத்திய பின் அந்தப் படத்தை என்ன சொல்லி மக்கள் முன் வைப்பது என்பது இன்னும் பெரிய வேலை. இவ்விரண்டையும் பற்றி, இத்தகைய படங்களுக்குக் காசு செலவழிக்கப் போகும் வர்த்தகர்கள் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

புதிய வித்தையல்ல

பல படங்களை ஒன்றாக்கும் வேலை கணினியோடு வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். 1857ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் ஒஸ்கார் ரெய்லாண்டர் என்ற புகைப்படக் கலைஞர் முப்பதுக்கும் அதிகமான நெகட்டிவ்களை இணைத்து ஒரே காட்சியாக ஒரு படம் தயாரித்தார். விக்டோரியா மகாராணியார் அதன் பிரதியொன்றை வாங்கினார். அது பல படங்களின் சேர்க்கை என்பது அக்காலத்திலேயே தெரிந்த விடயம்.

இன்னொரு படத்தின் கதை வேறு. அமெரிக்க உள்நாட்டுப் போரின் தளபதி ஜெனரல் கிராண்ட், வர்ஜீனியாவின் சிட்டி பொயின்ட் என்ற இடத்தில் தமது படையணியின் முன்னே குதிரை மீது அமர்ந்திருக்கும் படம் அது. 1902ஆம் ஆண்டு ஒரு புகைப்படக்காரர் அதற்குப் பதிப்புரிமை பதிவு செய்தார். போர் முடிந்து முப்பத்தேழு ஆண்டுகள் ஆகியிருந்தன. பிற்காலத்தில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தார் ஆராய்ந்தபோது அது மூன்று படங்களின் சேர்க்கை என்று தெரிய வந்தது. தலை கிராண்டுடையது. உடலும் குதிரையும் மக்குக் என்ற வேறொரு தளபதியுடையவை. பின்னால் நிற்பவர்கள் கிராண்டின் வீரர்களே அல்லர், வேறோரிடத்தில் பிடிபட்ட எதிரிப் படைக் கைதிகள். தலை உடலோடு ஒழுங்காகப் பொருந்தவில்லை, சீருடை அந்தக் காலத்துக்கு ஒத்துவரவில்லை, குதிரையும் சரியில்லை. இவையே காட்டிக் கொடுத்த அடையாளங்கள்.

நமது கலண்டர் படங்களும் பெரும்பாலும் இதே இடங்களில்தான் மாட்டிக்கொள்கின்றன.

ஒரு வேலையின் விபரம்

2018ஆம் ஆண்டு புறக்கோட்டையில் புடவைக் கடை நடத்தும் ஒரு ஹாஜியார் என்னிடம் வந்தார். அவருடைய வாப்பாவின் வாப்பா, அவர்கள் பேச்சில் 'அப்பா', 1936ஆம் ஆண்டில் தொடங்கிய கடை அது. கையில் மூன்று பொருட்கள் இருந்தன. அப்பாவின் அரையுருவ ஸ்டூடியோ படம் ஒன்று, இரண்டரை அங்குலத்துக்கு மூன்றரை அங்குலம். 1950களில் யாரோ எடுத்த கடை வாசலின் சிறிய படம் ஒன்று. ஆண்டை நிச்சயப்படுத்துவதற்காக நான் கேட்டு வாங்கிய 1936ஆம் ஆண்டின் கடை வாடகை ரசீது ஒன்று.

"தம்பி, அப்பா கடை வாசல்ல நிக்கணும். பார்க்கிற ஆள் இது அந்தக் காலத்துப் படம்தான் என்டு சொல்லணும். பெரிசா அடிச்சு கெஷியர் மேசைக்குப் பின்னால மாட்டுவம். கலண்டரும் அதுலதான்" என்றார்.

படங்களை முதலில் ஸ்கேன் செய்ய வேண்டும். அங்குலத்துக்கு 1200 புள்ளி வீதம் ஸ்கேன் செய்தால் அந்தச் சிறிய படத்திலிருந்து 3000க்கு 4200 புள்ளிகள் கிடைக்கும். கறுப்பு வெள்ளைப் படமானாலும் வண்ணத்திலேயே ஸ்கேன் செய்வது எனது வழக்கம். மஞ்சள் கறையையும் மை கறையையும் பிரித்து நீக்க அது உதவும். தொலைபேசிக் கமராவினால் படத்தைப் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பினால் பாதி விபரம் அங்கேயே போய்விடும். மூலப் படத்தையே கடைக்குக் கொண்டு போங்கள். வேலை முடியும் வரை அருகில் இருங்கள், அல்லது ரசீது வாங்குங்கள்.

முதலில் ஆண்டு

"பழைய காலம்" என்று ஒரு காலம் கிடையாது. 1910 வேறு, 1936 வேறு, 1955 வேறு. எந்த ஆண்டு என்று முடிவு செய்த பின்னரே படத்தில் எது இருக்கலாம், எது இருக்கக் கூடாது என்று சொல்ல முடியும்.

கொழும்புத் தெருக்களில் ஆண்டைக் காட்டிக் கொடுக்கும் சாட்சிகள் நிறைய உண்டு. இரண்டாம் குறுக்குத் தெருவின் சம்மாங்கோட்டைப் பள்ளி, அதாவது செங்கற் சிவப்புப் பள்ளிவாசல், 1908இல் கட்டத் தொடங்கி 1909இல் முடிந்தது. அதன் கோபுரங்கள் தெரியும் படத்துக்கு 1900 என்று ஆண்டு போட முடியாது. பிரதான வீதியின் முகப்பில் நிற்கும் கான் மணிக்கூட்டுக் கோபுரம் 1923ஆம் ஆண்டுக்குரியது. மின்சார ட்ராம் வண்டிகள் 1899இல் ஓடத் தொடங்கி 1960இல் நின்றன. ட்ராம் ஓடும் தெருவில் தண்டவாளமும் மேலே மின்கம்பியும் இருக்க வேண்டும். மின்கம்பியில் ஓடும் ட்ரொலி பஸ் 1953இல் வந்து 1964இல் போய்விட்டது. முச்சக்கர வண்டிகள் 1970களின் பின்னர் வந்தவை. தொலைக்காட்சி இந்நாட்டுக்கு வந்தது 1979இல், ஆகவே அதற்கு முந்திய கூரை மீது அன்டெனா இருக்க நியாயமில்லை.

இன்றைய தெருவைப் படம் பிடித்துப் பின்னணியாக்குவோர் பெரிய பொருட்களை நீக்கிவிடுவார்கள். சிறியவை தப்பிவிடும். ஏயார் கண்டிஷன் பெட்டி, பிளாஸ்டிக் பீலிக் குழாய், சுருள் இரும்புக் கதவு, பொலித்தீன் பை, கண்காணிப்புக் கமரா, தெருவில் போட்ட வெள்ளைக் கோடு என்று ஒரு பட்டியல் எழுதி வைத்து ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். ஹாஜியாரின் கடைக்கு இன்று இரும்புக் கதவு. 1950களின் படத்தில் இலக்கமிட்ட பலகைக் கதவுகள் தெரிந்தன. அந்தப் பலகைகளையே எடுத்துப் பயன்படுத்தினேன்.

பெயர்ப் பலகையில்தான் அதிகமானோர் பிடிபடுகிறார்கள். 1972ஆம் ஆண்டு வரை இந்நாட்டின் பெயர் இலங்கை என்று தமிழிலும் சிலோன் என்று ஆங்கிலத்திலும் வழங்கியது. 1936ஆம் ஆண்டின் பலகையில் 'ஸ்ரீ லங்கா' வர முடியாது. மீற்றரும் கிலோவும் 1970களில் வந்தவை, அதற்கு முன்னர் யாரும் இறாத்தலும்தான். இன்னொன்று நமது எழுத்து. 'சேலை' என்ற சொல்லில் உள்ள 'லை', 'கண்ணாடி' என்ற சொல்லில் உள்ள 'ணா' ஆகியவற்றை இன்று எழுதும் வடிவம் தமிழ்நாட்டு அரசு 1978இல் செய்த எழுத்துச் சீர்திருத்தத்தினால் பரவியது. இலங்கையில் அது இன்னும் பிந்தியே வழக்குக்கு வந்தது. அதற்கு முன்னர் 'லை' மேலே துதிக்கை போல் சுருண்ட கொம்போடு எழுதப்பட்டது. கணினியில் இருக்கும் எழுத்தை அப்படியே தட்டி 1936ஆம் ஆண்டின் பலகை என்றால், எண்பது வயதுப் பெரியவர் ஒருவர் பார்த்தவுடன் சிரிப்பார். பழைய அச்சுப் புத்தகமொன்றைப் பார்த்து அந்த எழுத்துக்களைக் கையால் வரைந்து, பிறகு ஸ்கேன் செய்து பலகையில் ஏற்றினேன்.

தகவல் தேடுவோருக்கு ஒரு வார்த்தை. பேர்குசன் நிறுவனத்தின் பழைய சிலோன் டிரக்டரிகளில் வியாபார நிலையங்களின் பெயரும் விலாசமும் உண்டு. 1907இல் ஆர்னல்ட் ரைட் பதிப்பித்த 'இருபதாம் நூற்றாண்டு இலங்கை' பற்றிய பெரிய ஆங்கில நூலில் அக்காலக் கடைகளினதும் வர்த்தகர்களினதும் படங்கள் நிறைய இருக்கின்றன. கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்திலும் தேடலாம். ஒரு நாள் செலவழித்தால் வீண் போகாது.

கண்மட்டமும் வெளிச்சமும்

ஆளைக் கொண்டு வந்து தெருவில் வைத்தால் மிதப்பது போலத் தெரிகிறது என்பது வழமையான முறைப்பாடு. காரணம் கண்மட்டம். கமரா எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்தில்தான் படத்தின் அடிவானக் கோடு அமையும். சமதரையில் நிற்கும் எல்லோரையும் அந்தக் கோடு உடலின் ஒரே இடத்தில் வெட்டும், பக்கத்தில் நின்றாலும் தூரத்தில் நின்றாலும். கமரா ஐந்தடி உயரத்தில் இருந்தால் ஐந்தரை அடி ஆட்கள் எல்லோரையும் வாய்ப் பக்கமாக வெட்டும். அக்காலத்துப் பெட்டிக் கமராவை இடுப்பு உயரத்தில் பிடித்துத்தான் எடுப்பார்கள். அப்படியானால் கோடு எல்லோருக்கும் இடுப்புக்குச் சற்று மேலே போகும். இந்த ஒரு விதியைச் சரியாகப் பிடித்தால் ஆள் தரையில் ஊன்றி நிற்பார்.

ஆகவே பின்னணித் தெருவை நான் இடுப்பு உயரத்தில் கமராவை வைத்தே எடுத்தேன். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்துக்குச் சற்று முன்னர், தெருவில் லொறிகள் குறைந்திருந்த வேளையில் அது முடிந்தது.

அடுத்தது வெளிச்சம். ஸ்டூடியோவில் எடுத்த முகத்தில் ஒரு பக்கமிருந்து மெதுவான வெளிச்சம் விழுந்திருக்கும். கொழும்பில் நடுப்பகல் வெயில் உச்சியிலிருந்து விழும், கண்குழியும் மூக்கின் கீழும் கறுத்துவிடும். ஸ்டூடியோ முகத்தை நடுவெயிலில் நிறுத்தினால் அறிவுக்கு எட்டாவிட்டாலும் கண்ணுக்கு எட்டிவிடும், ஏதோ பிழை என்று. இதற்கு இலகுவான வழி ஆளை வெயிலுக்குக் கொண்டு வராமல் விடுவது. கடை விறாந்தையின் நிழலில் நிறுத்தினால் அங்கேயும் தெருப் பக்கமிருந்து மெதுவான வெளிச்சமே வரும். அப்பாவை அங்கேதான் நிறுத்தினேன்.

வெளிச்சம் மாறுபக்கமாக இருக்கிறதே என்று சிலர் முகத்தை இடம் வலமாகத் திருப்பிவிடுவார்கள். அது ஆபத்து. ஆண்களின் கோட்டில் இடப்பக்கத் துணி வலப்பக்கத்தின் மேல் வரும். திருப்பினால் பொத்தான் வரிசை மாறிவிடும், மேல் பொக்கெட் வலப்பக்கம் போய்விடும், கன்னத்து மச்சமும் இடம் மாறிவிடும். குடும்பத்தார் அந்த மச்சத்தை மறக்க மாட்டார்கள். முகத்தைத் திருப்பாமல் அதற்கேற்ற பக்கத்திலிருந்து தெருவைப் படம் பிடிப்பதே முறை.

கடைசியாகப் பாதம். செருப்புக்கும் தரைக்கும் இடையில் மெல்லிய கறுப்பு நிழல் ஒன்று இல்லாவிட்டால் ஆள் காற்றில் நிற்பார். இந்தச் சிறிய நிழலுக்கு அரை நாள் செலவழிக்கலாம், தப்பில்லை.

கோட்டும் தொப்பியும்

அரையுருவப் படத்துக்குக் கீழ்ப்பாதி வேண்டும். இணையத்திலிருந்து யாரோ ஒருவரின் உடலை எடுத்து ஒட்டுவது ஜெனரல் கிராண்டின் குதிரைக் கதையாகிவிடும். ஹாஜியாரின் மகன் அப்பாவின் உடல்வாகு என்று வீட்டில் சொன்னார்கள். அவருக்கு மூடிய கழுத்து வெள்ளைக் கோட்டும் சாரமும் உடுத்தி அதே விறாந்தையில், அதே கமராவினால், அதே நேரத்தில் எடுத்தேன். தலை உடலின் ஏழில் ஒரு பங்கிலிருந்து எட்டில் ஒரு பங்கு வரை இருக்க வேண்டும். முகத்தின் மீதுள்ள பாசத்தில் தலையைச் சற்றுப் பெரிதாக்கினால் பொம்மை போலாகிவிடும்.

அப்பாவின் படத்தில் துருக்கித் தொப்பி இருந்தது. 1936க்கு அது பொருத்தமானதே. எகிப்தின் அராபி பாஷா 1883இல் இங்கு நாடு கடத்தப்பட்டு வந்து 1901 வரை இருந்த காலத்தில் நம்மவரிடையே அந்தத் தொப்பி பரவியது. 1905இல் சட்டத்தரணி எம். சி. அப்துல் காதர் துருக்கித் தொப்பியோடு உயர் நீதிமன்றத்தில் தோன்றுவது மறுக்கப்பட்டு, மருதானைப் பள்ளிவாசலில் பெருங் கூட்டம் கூடிய வரலாறு பலருக்கும் தெரியும். ஆனால் 1870ஆம் ஆண்டின் படம் என்று சொல்லி வரிசையாகத் துருக்கித் தொப்பிகளை வைத்தால் கேள்வி வரும். கரகுல் தோல் தொப்பியை ஜின்னா 1937இல் லக்னோ மாநாட்டில் அணிந்த பின்னரே அது 'ஜின்னா தொப்பி'யாகப் பெயர் பெற்றது. 1920களின் கடை வாசலில் எல்லோருக்கும் அதைப் போட்டுவிட வேண்டாம்.

பெரியவர்களின் உருவத்தைச் சுவரில் மாட்டுவதில் தயக்கமுள்ள குடும்பங்களும் உண்டு. அவர்களுக்கு ஆள் இல்லாமல் கடையையும் தெருவையும் மட்டும் அமைத்துக் கொடுக்கிறேன். வேலையும் குறைவு, செலவும் குறைவு.

கறுப்பு வெள்ளையின் இரகசியம்

வண்ணப் படத்தைக் கணினியில் ஒரு பொத்தானை அழுத்திக் கறுப்பு வெள்ளையாக்கி, பிறகு தேநீர்ச் சாயம் போலப் பழுப்பு நிறம் பூசினால் பழைய படமாகிவிடும் என்பது பரவலான எண்ணம். அக்காலத்து பிலிம்களும் கண்ணாடித் தகடுகளும் நமது கண் பார்ப்பது போல் உலகைப் பார்க்கவில்லை. ஓர்த்தோ என்று சொல்லப்படும் வகை சிவப்பு வெளிச்சத்தை உணராது. சிவப்புப் பொருள் ஏறக்குறையக் கறுப்பாக விழும், நீலம் வெளிறிவிடும். எல்லா நிறங்களையும் உணரும் பான்குரோ வகை அப்போதே இருந்தது. எனினும் பொதுமக்கள் பயன்படுத்திய கொடக் வெரிகுரோம் பிலிம் 1931இல் வந்தபோது ஓர்த்தோ வகையாகவே இருந்தது, 1956இல்தான் அது பான் வகைக்கு மாறியது.

பழைய படங்களில் துருக்கித் தொப்பி கறுப்பாகத் தெரிவதும், சம்மாங்கோட்டைப் பள்ளியின் சிவப்பு வரிகள் கறுப்பு வரிகளாகத் தெரிவதும், வானம் வெறும் வெள்ளையாக இருப்பதும் இதனால்தான். கணினியில் வண்ணப் படம் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று பகுதிகளாக இருக்கும். சிவப்பை விட்டுவிட்டு நீலத்தையும் கொஞ்சம் பச்சையையும் சேர்த்துக் கறுப்பு வெள்ளையாக்கினால் அந்தக் காலத்துப் பார்வை வந்துவிடும். இன்றைய தெருவின் நீல வானமும் மேகமும் தாமாகவே வெளிறிப் போகும். ஹாஜியார் முதன்முதல் வியந்தது இந்த இடத்தில்தான்.

வேகமும் கவனிக்க வேண்டியதே. பெட்டிக் கமராவின் கதவு ஏறக்குறைய இருபத்தைந்தில் ஒரு செக்கன் தொடக்கம் ஐம்பதில் ஒரு செக்கன் வரை திறந்திருக்கும். நிற்கும் ஆள் தெளிவாக விழுவார். ஓடும் ரிக்‌ஷாக்காரரின் கால் கலங்கலாக விழும். இன்றைய கமராவில் எடுத்த மாட்டு வண்டியின் சக்கர ஆரைகளை எண்ணக் கூடியதாக இருந்தால் அதைச் சற்றுக் கலக்க வேண்டும்.

கீறலும் கறையும் கடைசி வேலை. எல்லாப் பகுதிகளையும் இணைத்து ஒரே படமாக்கிய பின்னர் முழுப் படத்தின் மேலும் ஒரே அளவில் மணித் தன்மையைச் சேர்க்க வேண்டும். கீறல் ஒன்று ஆளையும் சுவரையும் சேர்த்துக் கடந்து போக வேண்டும். முகத்தில் மட்டும் கீறலில்லாமல் விட்டால், முகம் வேறிடத்திலிருந்து வந்தது என்று பலகை மாட்டியது போலாகும். அளவும் முக்கியம். நன்றாகப் பேணிய பழைய படம் நாம் நினைப்பதைவிடத் தெளிவானது. கிழிந்து உருக்குலைந்தது போல் செய்வது நாடக மேடைக்குச் சரி.

கணினியே செய்து தராதா?

இன்று செயற்கை நுண்ணறிவு மென்பொருளுக்கு நான்கு வரி எழுதிக் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் 'பழைய கொழும்பு' வந்துவிடுகிறது. வாடிக்கையாளர்கள் தொலைபேசியைக் காட்டி, "இதுக்கு ஏன் மூன்று நாள்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. தூசு துடைக்க, கிழிசல் நிரப்ப நானும் அதைப் பயன்படுத்துகிறேன். ஆனால் அது தரும் தெரு எந்தத் தெருவும் அல்ல. பலகையில் எழுத்து பல வேளைகளில் எழுத்தாக இருக்காது. முகத்தைத் தெளிவாக்கு என்றால் இல்லாத கண்ணிமையையும் பல்வரிசையையும் தானே வரைந்து விடும். கிடைப்பது அப்பாவின் முகமல்ல, அப்பாவைப் போன்ற ஒருவரின் முகம். அவரை நேரில் கண்ட மூத்தவர் ஒருவர் வீட்டில் இருந்தால் அவரிடம் காட்டுங்கள், உடனே சொல்வார்.

இரசீதில் இருந்த இரண்டாவது பெயர்

ஹாஜியாரின் படம் ஏறக்குறைய முடிந்த நிலையில் நான் வாடகை ரசீதை மீண்டும் எடுத்துப் பார்த்தேன், விலாச இலக்கம் சரியா என்று. அதில் வாடகைக்காரர் என்று இரண்டு பெயர்கள் இருந்தன. ஹாஜியாரிடம் கேட்டேன்.

"அது அப்பாட தம்பி. ரெண்டு பேரும் சேர்ந்துதான் தொடங்கினாங்க. பிறகு பிரிஞ்சிட்டாங்க. அவங்கட பிள்ளைகளுக்கும் எங்களுக்கும் இப்ப பேச்சு வார்த்தை குறைவு. அவர இதுல போட வேணாம் தம்பி" என்றார்.

பிரிந்து போன சகோதரரின் பேரப்பிள்ளைகளும் அதே தெருவில் கடை வைத்திருக்கிறார்கள். அவர்களது பலகையிலும் 1936 என்றுதான் இருக்கிறது. இங்கே அப்பா மட்டும் தனியாக வாசலில் நிற்கும் ஒரு படம், பார்ப்பவர் எவரும் சந்தேகிக்க முடியாத படம், '1936இல் எமது ஸ்தாபகர்' என்ற வாசகத்தோடு ஆயிரம் கலண்டர்களில் போனால் என்ன நடக்கும்? பத்து வருடத்தில் அது அத்தாட்சியாகிவிடும். ஹாஜியாரின் பேரப்பிள்ளைகள் அதை உண்மைப் படம் என்றே நம்பி வளர்வார்கள். மற்றக் குடும்பத்தார் சொல்வது பொய் என்றாகிவிடும். நாளைக்குப் பெயருரிமையைப் பற்றி ஒரு வழக்கு வந்தால் இந்தப் படத்தையும் யாராவது எடுத்து நீட்டுவார்கள்.

நான் ஹாஜியாரிடம் சொன்னது இதுதான்: "ஹாஜியார், அப்பா தனியா நிக்கிற படம் வேணுமெண்டா தாறன். ஆனா ஸ்தாபகர் என்டு போட்டு, 1936 என்டு போட்டு, உண்மைப் படம் மாதிரிக் குடுக்க என்னால ஏலாது. ஒண்டு, கீழ 'பல படங்களை இணைத்து உருவாக்கியது' என்டு அச்சடிப்பம். இல்லாட்டி ரெண்டு பேரையும் நிறுத்துவம். ரெண்டையும் செஞ்சா இன்னும் நல்லம்."

அவருக்கு அது பிடிக்கவில்லை. முற்பணத்தைத் திருப்பித் தரவும் நான் தயாராக இருந்தேன். மூன்று நாள் அவரிடமிருந்து தகவல் இல்லை. நான்காம் நாள் ஒரு பழைய அடையாள அட்டைப் படத்தோடு வந்தார். சின்ன அப்பாவின் படம். இருபது வருடமாகப் போகாத வீட்டுக்குப் போய் வாங்கி வந்திருந்தார். அங்கே என்ன பேசினார்கள் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "ரெண்டு பேரையும் போடுங்க" என்றார்.

அந்தப் படத்தில் முகம் நேராகவும் பளிச்சென்ற வெளிச்சத்திலும் இருந்ததால், சின்ன அப்பாவைக் கடை உள்ளே கல்லாப் பெட்டிக்குப் பின்னால், சற்று இருளில் அமர்த்தினேன். அண்ணன் வாசலில், தம்பி கணக்குப் புத்தகத்தோடு உள்ளே. கணக்கு அவர்தான் பார்த்தவர் என்று பிறகு கேள்விப்பட்டேன். படத்தின் கீழே சிறிய, ஆனால் வாசிக்கக் கூடிய எழுத்தில், குடும்பப் படங்களையும் இன்றைய படங்களையும் இணைத்து 2018இல் உருவாக்கியது என்று அச்சிட்டோம். அந்த வரியினால் கலண்டரின் மதிப்பு குறைந்ததாக எவரும் சொல்லவில்லை.

வர்த்தகர்கள் கவனத்துக்கு

சட்டப் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், வியாபாரத்தில் நுகர்வோரைப் பிழையாக வழிநடத்தும் நடத்தையைத் தடை செய்கிறது. இல்லாத பாரம்பரியத்தை உண்மைப் படம் போலக் காட்டி வியாபாரம் செய்வது அந்த எல்லைக்கு அருகில் போகும் காரியம். மேலும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஒரு படைப்பின் பதிப்புரிமை படைத்தவரின் ஆயுட்காலத்திலும் அதன் பின்னர் 70 ஆண்டுகளும் நீடிக்கிறது. 1960களில் ஒருவர் எடுத்த தெருப் படத்தைப் புத்தகத்திலிருந்தோ இணையத்திலிருந்தோ எடுத்துக் கலண்டரில் போட்டுவிட முடியாது. பழைய படங்களைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள், பின்னணியை நீங்களே புதிதாக எடுங்கள்.

வேலையை ஒப்படைக்கும்போது எந்த ஆண்டு, எந்த இடம், யார் யார் என்பதை எழுத்தில் கொடுங்கள். மாதிரிப் படத்தைக் குடும்பத்தின் மூத்தவர் ஒருவரிடம் காட்டிய பின்னரே அச்சுக்கு அனுமதியுங்கள். அடுக்குகள் பிரிந்த நிலையிலுள்ள மூலக் கோப்பின் பிரதியொன்றைக் கேட்டு வாங்குங்கள். எது உண்மைப் படம், எது சேர்த்தது என்று பிற்காலத்தில் காட்டுவதற்கு அதுதான் ஒரே வழி. கெஷியர் மேசைக்குப் பின்னால் மாட்டும் படத்திலும் அந்த விளக்க வரி இருக்கட்டும், கலண்டரில் மட்டும் போதாது.

எல்லாவற்றுக்கும் முன்னர் செய்யக் கூடிய செலவில்லாத வேலை ஒன்று உண்டு. வீட்டு அலுமாரியிலும் மாமிமாரின் பெட்டிகளிலும் கிடக்கும் பழைய படங்களை இந்த வாரமே வெளியே எடுங்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் யார், எங்கே, எந்த ஆண்டு என்று மெல்லிய பென்சிலால் எழுதுங்கள். பேனையால் எழுத வேண்டாம், மை முன்பக்கம் ஊறிவிடும். அடையாளம் சொல்லக் கூடியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிட்டால், உங்கள் பேரப்பிள்ளைகளின் கடைக்கு உண்மையான படமே கிடைக்கும்.